மரகதவல்லி அம்மாளின் பெட்டி

சென்னை
18-1-1978

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வேணு எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். நைனாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? உன் தலைசுற்றல் குறைந்ததா? பால்வாடிப் பிள்ளைகள் உன்னைப் படுத்துகிறார்களா, நீ அவர்களைப் படுத்துகிறாயா? எல்லாம் எழுது.

பொங்கலுக்கு வரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. டெல்லி வண்டியில் முதல் வகுப்புக்காரர்களுக்குப் படுக்கை விரித்துக் கொடுக்கிறவனுக்குப் போகியும் இல்லை, பொங்கலும் இல்லை. ஆனால் இந்த வருஷம் எனக்குக் கிடைத்த பொங்கல் சீர் நம் ஜில்லாவிலேயே எவனுக்கும் கிடைத்திருக்காது. பாடகி மரகதவல்லி அம்மாள் என் பெட்டியில் வந்தார்! சார்ட்டில் பெயரைப் பார்த்தபோது வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். பெஜவாடா தாண்டியதும் அவரே கதவைத் திறந்து, "தம்பி, கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?" என்று கேட்டார். சமையல் பெட்டிக்கு ஓடினேன். ஓடிய ஓட்டத்தில் பாதி வெந்நீர் என் வெள்ளைச் சட்டையில்.

அன்றைக்கே எழுதியது இது:

வெந்நீர் கேட்டார்.
கொண்டுவந்து நீட்டினேன்.
நாடே கேட்ட தொண்டை
ஒரு டம்ளர் சூட்டுக்குக்
காத்திருந்தது.
"பார்த்து, கை சுடும்" என்றார்.
அதுவும் பாட்டாகவே கேட்டது.

நைனாவுக்குப் படித்துக் காட்டு. திட்டினால் திட்டட்டும். திட்டியதை அப்படியே எழுது.

இப்படிக்கு,
வேணு


வேங்கிக்கால்
2-2-1978

அன்புத் தம்பி வேணுவுக்கு அக்கா உண்ணாமலை ஆசீர்வாதம்.

அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் நைனாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உனக்குச் சளி பிடிக்காமல் இருக்கிறதா? மழை, வெயில் பார்க்காமல் வண்டியில் திரிகிறவன், அதனால் கேட்கிறேன்.

உன் பாட்டைப் படித்துக் காட்டினேன். நைனா சொன்னதை அப்படியே எழுதச் சொன்னாயே, இந்தா: "வெந்நி குடுத்ததுக்கே ஒரு பாட்டா? சோறு போட்டிருந்தா இவன் புராணமே எழுதியிருப்பான் போலகீதே." இப்படிச் சொன்ன மனிதர், இன்னொரு தடவை படி என்றார். அப்புறம் கடிதத்தை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏரிக்கரை டீக்கடைக்குப் போய்விட்டார். எனக்கு அது திரும்பி வரவே மூன்று நாள் ஆயிற்று. பார்க்கிறவர்களிடமெல்லாம், "அந்தம்மா கை சுடும்னு எம்புள்ள கிட்ட சொல்லிச்சாம்" என்று சொல்கிறார். வெள்ளைச் சட்டையில் நீ எடுத்து அனுப்பிய போட்டோவைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லி என்னை ஸ்டூல் மேல் ஏற்றினார். என் தலைசுற்றல் பற்றிக் கேட்டாயே, அன்றைக்குத்தான் நன்றாகச் சுற்றியது.

இன்னொன்று. நாடகக்காரர் ராஜபார்ட் வேதகிரி உன் வண்டியில் வருவாரா என்று நைனா கேட்கச் சொன்னார். வாலிப வயதில் அவர் நாடகம் பார்க்கச் செங்கம் வரைக்கும் நடந்தே போனவராம். "எங்கனா பாத்தா சொல்லச் சொல்லு. வேங்கிக்கால்ல இருசப்பன்னு ஒருத்தன், நீங்க மேடையில அழுதப்ப கீழ ஒக்காந்து அழுதவன், இன்னும் உசுரோட கீறான்னு." வேதகிரி இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது.

என் புருஷன் போய், நான் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து நைனா இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அடிக்கடி எழுது.

உன் அக்கா,
உண்ணாமலை


சென்னை
20-4-1978

அன்புள்ள அக்கா,

நலம். உங்கள் இருவர் நலனையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இடையில் எழுதாமல் போனதற்கு வேலைதான் காரணம்.

இனிமேல் எனக்குக் கடிதம் எழுதினால் ஆபீஸ் விலாசத்துக்குப் போடாதே. டூட்டி மாறி மாறி வருவதால் அங்கே தொலைந்துவிடுகிறது. 'மேற்பார்வை: ஜோதியம்மாள் டீக்கடை, சென்ட்ரல் எதிரில், சென்னை' என்று எழுது. ஜோதியம்மாள் நல்ல மாதிரி. எடுத்து வைத்துக் கொடுத்துவிடும்.

போன வாரம் நடிகர் கீர்த்திராஜனைப் பார்த்தேன். நைனாவுக்கு:

கம்பி போட்ட ஜன்னலுக்குள்
கீர்த்திராஜன் முகம்.
கூட்டத்துக்குச் சிரித்துச் சிரித்து,
விசில் ஊதியதும்
சிரிப்பைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டார்.
நான் பார்த்தேன்.
வண்டி போய்விட்டது.

வேதகிரியைப் பற்றி நைனா கேட்டதற்கு, அவர் இந்தப் பக்கம் வருவதில்லை என்று சொல்லிவிடு.

வேணு


வேங்கிக்கால்
5-5-1978

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். வெயில் மட்டும் அசௌக்கியம். ஏரி காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. உனக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

கீர்த்திராஜன் பாட்டு, மரகதவல்லி பாட்டை விட நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். நான் எட்டாம் கிளாஸ் வரை படித்த பால்வாடி டீச்சர்தான், புலவர் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். வண்டி போய்விட்டது என்று எழுதியிருக்கிறாயே, நீ அந்த வண்டிக்குள்தானே இருந்திருக்க வேண்டும்? உன்னை விட்டுவிட்டா போனது? முன்பெல்லாம் உள்ளே இருந்து எழுதுவாய். இப்போது வெளியே நின்று எழுதுகிறாய். நைனாவிடம் சொன்னேன். "கவிதக்காரன் எங்க வேணா நிப்பான், நீ சும்மா கெட"ன்னு என் வாயை அடைத்துவிட்டார்.

உன்னைப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது. நைனா சென்னைக்கு வந்து உன் பெட்டியை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். மெத்தையைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். என்றைக்கு வரலாம்?

உண்ணாமலை


சென்னை
11-6-1978

அன்புள்ள அக்கா,

நான் நலம். நைனாவை அழைத்துக்கொண்டு வர வேண்டாம். நான் என்றைக்கு எந்த ஊரில் இருப்பேன் என்று எனக்கே தெரியாது. வயதான காலத்தில் அவரை ஏன் பஸ்ஸில் அலைக்கழிக்க வேண்டும்? தீபத்துக்கு நானே வருகிறேன்.

கவிதையில் எல்லாம் நடந்தது நடந்தபடியே இருக்க வேண்டும் என்று இல்லை. அதனால் அப்படி எழுதினேன்.

வேணு


சென்னை
5-9-1978

அன்புள்ள அக்கா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை, மன்னித்துவிடு. நான் நன்றாக இருக்கிறேன். நைனாவுக்கு நடக்க முடிகிறதா? மல்லாட்டை பிடுங்கியாயிற்றா? இங்கே வேர்க்கடலை என்று கேட்டால்தான் கொடுக்கிறார்கள்.

முந்தாநாள், மூன்றாம் தேதி, மரகதவல்லி அம்மாளை மறுபடியும் பார்த்தேன்! விருது வாங்க டெல்லிக்குப் போகிறாராம். வழியனுப்ப வந்த கூட்டத்தில் நடைமேடையே கொள்ளவில்லை. மாலை போட ஒருத்தரை ஒருத்தர் தள்ளுகிறார்கள். பெட்டி வாசலில் வெள்ளைச் சட்டையோடு நான். அவ்வளவு கூட்டத்திலும் அந்த அம்மாள் ஒரு நிமிஷம் என்னைத் திரும்பிப் பார்த்தார். வெந்நீர் ஞாபகம் வந்திருக்கும்.

மாலைகளுக்கு நடுவே
மரகதவல்லி நடந்து வந்தார்.
நடைமேடை முழுக்கக் கண்கள்.
அத்தனை கண்களையும் தாண்டி
என் பக்கம் திரும்பி நின்றார்.
ஆயிரம் பேரில்
என்னைக் கண்டுகொண்ட
ஒரு பார்வை போதும்.
இந்த வருஷம் ஓடிவிடும்.

நான் எழுதியதிலேயே இதுதான் நல்ல கவிதை என்று நினைக்கிறேன். நைனா என்ன சொன்னார் என்று எழுது.

வேணு


வேங்கிக்கால்
22-9-1978

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. தலையில் எண்ணெய் வைத்துக் குளி.

உன் பாட்டைப் படித்தேன். நைனா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். மூன்று தடவை படிக்கச் சொன்னார். மூன்றாம் தடவை படித்து முடித்ததும், "நல்லா எழுதிகீறான்"னு சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

நைனா இந்த மாதம் ஒரு நாள் வெளியூர் போய் வந்தார். அந்த அலைச்சலில் கால் வீங்கிவிட்டது. வேறொன்றும் இல்லை. வேகவைத்த மல்லாட்டை ஒரு பை மீந்துபோய்விட்டது. பால்வாடிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

இத்துடன் பார்சலில் நைனாவின் துண்டு ஒன்று வருகிறது. பழையதுதான், ஆனால் மெத்தென்று இருக்கும். நாலாய் மடித்து ஓரம் தைக்கச் சொன்னார். எனக்குத் தையல் வராது என்று உனக்குத் தெரியும். இரண்டு தடவை பிரித்துப் போட வைத்தார். "பயணத்துல ஒதவும்"னு சொன்னார். உனக்குக் கழுத்து வலிக்கிறதா என்றும் கேட்கச் சொன்னார்.

அக்கா


சென்னை
16-10-1978

அன்புள்ள அக்கா,

நலம். துண்டு வந்தது. தலையணை மேல் விரித்துப் படுக்கிறேன், நைனாவிடம் சொல். கழுத்து வலி எனக்கு எதற்கு வருகிறது? நான் என்ன மூட்டையா தூக்குகிறேன்?

தீபத்துக்கு வர முடியாது போலிருக்கிறது. அந்தச் சமயத்தில்தான் வண்டியில் கூட்டம் ஜாஸ்தி. கோபித்துக்கொள்ளாதே.

நீ எழுதும் கடிதங்கள் முன்னைப்போல் இல்லையே, ஏன்? கேலி எல்லாம் எங்கே போயிற்று?

வேணு


வேங்கிக்கால்
27-11-1978

தம்பி வேணுவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நைனா படுத்துவிட்டார். கால் வீக்கம் வயிற்றுக்கு ஏறிவிட்டது என்கிறார் டாக்டர். கஞ்சி மட்டும் இறங்குகிறது. பேச்சு தெளிவாகத்தான் இருக்கிறது.

லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால் லீவு இல்லாமல் வா. தீபத்தன்று மலையைப் பார்க்கும்படி அவர் கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போடப் போகிறேன். நீயும் ஒரு பக்கம் பிடிக்க வேண்டும். நீ எப்படி வந்தாலும் சரி, எந்தச் சட்டையில் வந்தாலும் சரி. நைனாவும் நானும் உன்னை ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

வரும்போது ஒரு பாட்டு எழுதிக்கொண்டு வா. யாரைப் பற்றியாவது.

அக்கா


தந்தி
திருவண்ணாமலை, 18-12-1978, காலை 8.20
பெறுநர்: வேணு, படுக்கை காண்ட்ராக்ட் ஆபீஸ், டெல்லி வண்டி, சென்ட்ரல், சென்னை
இருசப்பன் காலமானார். உடனே புறப்படவும். சித்தப்பா சுப்பன்.


தந்தி
திருவண்ணாமலை, 18-12-1978, மாலை 5.40
பெறுநர்: வேணு, மேற்பார்வை ஜோதியம்மாள் டீக்கடை, சென்ட்ரல் எதிரில், சென்னை
நைனா போய்விட்டார். வா. உண்ணாமலை.


சென்னை
20-1-1979

அக்காவுக்கு,

நீ சாப்பிடுகிறாயா? ராத்திரியில் தனியாகப் படுக்காதே. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலையைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்.

நைனா போன மறுநாள் ஓடி வந்தபோதும், பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து மூன்று நாள் அந்த வீட்டில் இருந்தும் உன்னிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பந்தல் நிறைய ஜனம். சித்தப்பா எல்லார் எதிரிலும் கேட்டார்: "காலையிலயே தந்தி அடிச்சேன். ரயில்வேல கீறவனுக்கே தந்தி போய் சேரலன்னா எப்பிடிடா?" வண்டியில் டூட்டியில் இருந்தேன் என்று அப்போதும் பொய் சொன்னேன். நைனாவின் சாம்பலைக் கரைத்த கையோடு பொய் சொன்னேன். நீ அங்கேதான் நின்றிருந்தாய். தலையைக் குனிந்துகொண்டாய்.

இனியும் மறைக்க என்னால் ஆகாது. போன மார்ச் மாதத்திலிருந்து நான் டெல்லி வண்டியில் இல்லை. சென்ட்ரலில் போர்ட்டர் வேலை செய்கிறேன். அதுவும் என் பெயரில் இல்லை. சகாதேவன் என்று ஒரு அண்ணன் முதுகு உடைந்து படுத்திருக்கிறார். அவருடைய சிவப்புச் சட்டையும் கையில் கட்டும் பித்தளை வில்லையும் வாங்கிப் போட்டுக்கொண்டு பெட்டி தூக்குகிறேன். தீபத்துக்கு வராமல் போனதற்கு, அந்த வில்லையை விட்டால் வேறு ஆள் கட்டிக்கொள்வான் என்ற பயம் ஒரு காரணம். ஊரில் எல்லோரும் ரயிலைப் பற்றிக் கேட்பார்கள் என்ற பயம் இன்னொன்று. நைனா இன்னும் ஒரு மாதமாவது இருப்பார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

வேலை போனது எப்படி என்று கேட்பாய். டெல்லியிலிருந்து திரும்பும்போது, நாக்பூரில் ஒரு கிழவர் என் பெட்டிக் கக்கூஸ் கதவோரம் வந்து உட்கார்ந்தார். நல்ல காய்ச்சல். எழுப்பி இறக்கிவிடத்தான் போனேன். "தம்பி, நான் ராஜபார்ட் வேதகிரி"ன்னு சொன்னார். வடக்கே எங்கோ நாடகம் போடக் கூட்டிப்போய் நடுவழியில் விட்டுவிட்டார்களாம். அவரிடம் அந்த வகுப்புக்கு டிக்கெட் இல்லை. ஒரு படுக்கை காலியாக இருந்தது. வெள்ளை விரிப்பு போட்டு அவரைப் படுக்கவைத்தேன். அதிகாரி பார்த்துவிட்டார். சென்னையில் இறங்கியதும் காண்ட்ராக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டார். தப்பு என்னுடையதுதான்.

நைனா சொல்லச் சொன்னதை அவரிடம் சொன்னேன் அக்கா. வேங்கிக்கால் இருசப்பன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "ஏரி இருக்கிற ஊருதானே? அந்தப் பக்கத்து ஜனங்க அழுதா சத்தம் போட்டு அழுவாங்க" என்றார். இதை நைனாவிடம் சொல்லியிருந்தால் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார். ஆனால் இதைச் சொன்னால் வேலை போனதையும் சொல்ல வேண்டும். அதனால் வேதகிரி இந்தப் பக்கம் வருவதில்லை என்று உனக்கு எழுதினேன். அவரைப் பற்றிக் கவிதையும் எழுதவில்லை.

அப்புறம் எழுதியதெல்லாம் நடைமேடையில் நின்று பார்த்தது. பார்த்ததென்னவோ நிஜம்தான். நின்ற இடம்தான் பொய்.

பெற்ற பிள்ளை நான் இருக்க, சித்தப்பா மகன் மூர்த்தி கொள்ளி வைத்தான். தந்தி போன விலாசத்தில் நான் இல்லை. அந்த விலாசம் என் பொய். நைனாவுக்குப் பிள்ளை கையால் கொள்ளி இல்லாமல் நான்தான் செய்தேன்.

வேணு


வேங்கிக்கால்
4-2-1979

என் தம்பிக்கு,

நான் சாப்பிடுகிறேன். பாஞ்சாலை துணைக்கு வந்து படுக்கிறாள். நீ உன் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரம் பேனாவைத் தொடவில்லை. நீ உன் மேல் போட்டுக்கொண்ட பாரத்தில் பாதி என்னுடையது. அதைச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

போன செப்டம்பர் மூன்றாம் தேதி நைனா சென்னைக்கு வந்தார். நீ வேண்டாம் என்று எழுதியிருந்தும் கேட்கவில்லை. முதல் பஸ்ஸில் கிளம்பினார். பையில் வேகவைத்த மல்லாட்டை. பாரிமுனையில் இறங்கி, விசாரித்துக்கொண்டே நடந்து, டெல்லி வண்டி நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டார். அன்றைக்கு அங்கே ஒரே கூட்டம் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒரு தூணோரம் ஒதுங்கி நின்றாராம். பெட்டி வாசலில் வெள்ளைச் சட்டையில் வேறு எவனோ நின்றிருந்தான். நீ சிவப்புச் சட்டையில், அந்த அம்மாளின் பெரிய பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாய். அவரைக் கடந்துதான் போனாயாம். கை நீட்டினால் எட்டும் தூரம்.

பையோடு திரும்பி வந்தார். "ஏன் நைனா, கூப்பிடலையா?"ன்னு கேட்டேன். "கூப்பிட்டா பெட்டியக் கீழ போட்டுடுவாம்மா. அந்தம்மா பெட்டி வேற"ன்னார். அப்புறம், "கழுத்து நரம்பெல்லாம் பொடச்சிக்கினு நிக்குது உண்ணாமல. தலைக்கு வெறும் கந்தத் துணி வெச்சிகீறான்"னார். அந்த வாரமே துண்டை எடுத்து என்னிடம் கொடுத்து மடித்துத் தைக்கச் சொன்னார்.

உன்னைக் கேட்டுவிடக் கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். "அவனா சொல்லட்டும். நாம கேட்டுட்டா எழுதறத நிறுத்திடுவான். அவனுக்கு அது ஒன்னுதான் கீது." அதன் பிறகுதான் உன் கடிதம் வந்தது. நீ வெள்ளைச் சட்டையில் நின்றதாக எழுதியிருந்ததை அவருக்கு நானே மூன்று தடவை படித்தேன்.

இப்போது என் தப்பு. நைனா போன அன்று காலை சித்தப்பா சைக்கிளில் டவுனுக்குப் போய்த் தந்தி அடித்துவிட்டு வந்தார். "ரயில்வே வெலாசத்துக்கே அடிச்சிட்டேன், ஒடனே கையில குடுத்துடுவாங்க"ன்னு பந்தலில் சொன்னார். அங்கே நீ இல்லை என்று எனக்குத் தெரியும். டீக்கடைக்கு அடியுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பந்தலில் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரிய பெரிய ஆளுங்களோட பழகறவன், எப்படியும் முதல் வகுப்பில் ஏற்றி அனுப்புவார்கள் என்று ஒருத்தர். சுவரில் உன் போட்டோ. டீக்கடை என்று நான் சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். நைனாவைத் தரையில் போட்டு வைத்துக்கொண்டு உன் மானத்தை அந்தக் கூட்டத்தில் விட எனக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் கழித்துச் சொல்லலாம், கொஞ்சம் கழித்துச் சொல்லலாம் என்று உட்கார்ந்தே இருந்தேன். சாயங்காலம்தான் பாஞ்சாலையைத் தனியாகக் கூப்பிட்டு, டீக்கடை விலாசத்துக்குத் தந்தி அடிக்க அனுப்பினேன். அது மறுநாள் காலை உனக்குக் கிடைத்து, நீ பஸ் பிடித்து வருவதற்குள் மூர்த்தியின் கையில் கொள்ளி கொடுத்துவிட்டார்கள்.

அரை நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் வேணு. உன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நைனாவின் பிள்ளையை அவரிடம் வரவிடாமல் செய்துவிட்டேன். பந்தலில் நான் தலையைக் குனிந்தது உன் பொய்யைக் கேட்டு இல்லை.

வேதகிரி சொன்னதை நைனா கேட்காமல் போய்விட்டாரே, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அக்கா உண்ணாமலை


போர்ட்டர் கொட்டகை
சென்ட்ரல், சென்னை
1-3-1979

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுத வரவில்லை. நீ நலமாக இருக்க வேண்டும். கடிதத்தின் தலைப்பில் இருக்கும் விலாசத்துக்கே இனி எழுது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னைக் காப்பாற்றத்தானே வாயை மூடிக்கொண்டாய். அழுதால் இரண்டு பேருமாக அழுதுவிட்டுப் போவோம். தெவசத்துக்கு வருகிறேன். இந்தச் சிவப்புச் சட்டையிலேயே வருவேன். சித்தப்பாவிடம் நானே சொல்கிறேன். சுவரில் இருக்கும் அந்த வெள்ளைச் சட்டைப் போட்டோவை எடுத்துவிடு.

துண்டைத் தலையணை மேல் விரிப்பதாக எழுதினேன். பொய். வந்த நாளிலிருந்து அதைத் தலையில் வைத்துத்தான் பெட்டி தூக்குகிறேன். அளவு கச்சிதமாக இருக்கிறதே என்று மட்டும் நினைத்தேன். சும்மாடாகவே தைத்து வந்தது என்று எனக்கு உறைக்கவில்லை. நேற்று அதைத் துவைக்க எடுத்தேன். நீ கோணலாகப் போட்ட தையலைத் தடவிக்கொண்டே குழாயடியில் உட்கார்ந்துவிட்டேன். சகாதேவன் அண்ணனின் மனைவி தனம் வந்து எழுப்பிக் கூட்டிப் போனார்.

மரகதவல்லி அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்ததாக எழுதினேன் அல்லவா? பெட்டி பத்திரமா என்று பார்த்தார். அவ்வளவுதான். அந்தக் கவிதையைக் கிழித்துவிட்டு, அதே நாளுக்கு இதை வைத்துக்கொள். படித்துக் காட்ட நைனா இல்லை. நீ மட்டும் படி.

மூன்றாம் தேதி.
தலையில் அந்த அம்மாளின் பெட்டி.
ஆயிரம் பேரில் ஒருவர் மட்டும்
அந்த அம்மாளைப் பார்க்கவில்லை.
தூணோரம்,
பையில் மல்லாட்டை ஆறிக்கொண்டிருக்க,
என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பெட்டி கனத்தது.
ஆனாலும் திரும்பியிருக்கலாம்.
எல்லாரும் பார்த்தவரைத்தான்
நானும் பார்த்தேன்.

உன் தம்பி,
வேணு